ரேடியேட்டரின் மேல்பாதி மட்டும் ஏன் சூடாகவில்லை?

லண்டன் வீட்டில் அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி சுடுகிறது, மேலே தொட்டால் சில்லென்று இருக்கிறது என்கிறீர்கள். உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்துவிட்டு நன்றாக ஆறவிடுங்கள். அவசரப்பட்டால் கை வெந்துவிடும். மேல் ஓரத்திலுள்ள சதுர முனைத் திருகில் அதற்குரிய சாவியை மாட்டி, கீழே பழைய துணியைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். 'உஸ்' சத்தம் அடங்கி, தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பாமல் சீராகக் கசிந்ததும் மூடிவிடுங்கள். திருகை முழுதும் கழற்றினால் கறுப்புத் தண்ணீர் கம்பளத்தில் பீய்ச்சியடிக்கும்.

கீழ்த்தள ரேடியேட்டர்களை முடித்துவிட்டு மாடிக்குப் போங்கள். காம்பி பாய்லர் (ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் சேர்த்து, தொட்டியில்லாமல் இயங்கும் பாய்லர்) என்றால் உள்ளே நீரின் அழுத்தம் இறங்கியிருக்கும். பலர் மறப்பது இதைத்தான். ஃபில்லிங் லூப்பை (குழாய்நீரை ஹீட்டிங்குக்குள் விடும் இணைப்புக் குழாயை) திறந்து, ஆறிய நிலையில் அழுத்தமானி 1 முதல் 1.5 பார் காட்டும் வரை நீர் ஏற்றி, வால்வுகளை இறுக மூடுங்கள்.

மேலே சுட்டு, கீழே குளிர்ந்திருந்தால் அது காற்றல்ல, துருச்சேறு.