புகையிலை விவசாயியின் பிழைப்பும் மக்களின் உடல்நலமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

புகையிலை பயிரிடச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் குட்கா, மெல்லும் புகையிலைக்குத் தடை போட்டு, எங்கள் விளைச்சலை வாங்க ஆளில்லாமல் செய்கிறார்கள். இது எங்கள் உரிமையைப் பறிப்பது ஆகாதா? (வேடசந்தூர் வாசகர்)

பயிரிடத் தடையில்லை என்பது சரி. 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விளம்பரத்தையும் விற்பனையையும் பொது இடத்தில் புகைப்பதையும் கட்டுப்படுத்துகிறது; வயலுக்குள் வரவில்லை. தொழில் செய்யும் உரிமையை அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவு உங்களுக்குத் தருகிறது. பொதுநலன் கருதி அதற்கு நியாயமான வரம்பு விதிக்க 19(6) அரசுக்கு இடமளிக்கிறது. தமிழ்நாட்டின் தடையாணைகளை 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பை ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. எனவே வழக்கை நம்பி அடுத்த நடவைத் திட்டமிடாதீர்கள்.

உங்கள் தரப்புக்கு வலு வேறிடத்தில் இருக்கிறது. வாழ்வாதாரமும் 21-ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1985-இல், மும்பை நடைபாதைவாசிகளை அகற்றுவது பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய்ப்புற்றுநோயிலிருந்து மக்களைக் காக்கும் கடமையும் அதே பிரிவிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே "தடையை நீக்கு" என்று கேட்பதைவிட "வாங்குபவரை எடுத்துக்கொண்டீர்கள், மாற்றுச் சந்தையைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இந்தியா 2004-இல் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவும், விவசாயிகளுக்குக் கட்டுப்படியாகும் மாற்றுத் தொழில் அமைய உதவ வேண்டும் என்றே சொல்கிறது. அந்த உடன்படிக்கையைப் பேசுகிறவர்களில் பலர் இந்தப் பிரிவை மட்டும் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

மாற்றுப் பயிர் என்று சொல்கிறார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. புகையிலையைத் தவிர வேறென்ன வரும்?

மாற்றுப் பயிர்த் திட்டங்கள் பல இடங்களில் தோற்பது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான். உவர்நீரைத் தாங்கும் என்பதும் புகையிலை உங்கள் பகுதியில் வேரூன்றியதற்கு ஒரு காரணம். முதலில் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு மிதமாக இருந்தால் பீட்ரூட் ஓரளவு தாங்கும். காய்கறி வைத்தால் விற்க ஒட்டன்சத்திரம் சந்தை தொலைவில் இல்லை. எதுவானாலும் முழு நிலத்தையும் ஒரே பருவத்தில் மாற்றிவிடாதீர்கள். கால் பங்கில் தொடங்குங்கள்.

ஆந்திரம், கர்நாடகத்தின் சிகரெட் புகையிலை விவசாயிக்கு 1976 முதல் புகையிலை வாரியம் இருக்கிறது. ஏல மேடையில் சரக்கு விலைபோகிறது. தக்காளி போட்டவருக்கு அப்படி ஒரு மேடை எங்கே? புகையிலையை விடத் தயங்குகிறவரை இடுபொருள் மானியம் மட்டும் அசைக்காது. 2015-16 முதல் தமிழ்நாடு உள்ளிட்ட புகையிலை மாநிலங்களுக்கு ஒன்றிய அரசின் பயிர் மாற்றத் திட்டம் உள்ளது. வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் உங்கள் வட்டாரத்துக்கு அதில் என்ன ஒதுக்கீடு என்று எழுத்தில் கேளுங்கள். கென்யாவின் மிகோரி மாவட்டத்தில் புகையிலையை விட்டவர்கள் இரும்புச்சத்து மிகுந்த பீன்ஸுக்கு மாற முடிந்தது, அதை வாங்கிக்கொள்ள ஏற்பாடும் சேர்ந்தே வந்ததால்தான்.

உறையில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம். இது விவசாயியை அடிப்பதில்லையா?

இல்லை. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது; எனவே விதி தொடர்கிறது. வாங்குகிறவர் உண்மையை அறிவதால் விவசாயியின் உரிமை குறையாது. விவசாயிகளை முன்னே நிறுத்தி நிறுவனங்கள் நடத்தும் வாதம் இது.

அம்மா முப்பது ஆண்டுகளாக வீட்டில் பீடி சுற்றுகிறார். புகையிலைக் கட்டுப்பாடு வந்தால் அவர் கதி? (தென்காசி வாசகி)

பீடி மீது விதித்த நலநிதித் தீர்வையிலிருந்துதான் முன்பு பீடித் தொழிலாளரின் மருத்துவமும் பிள்ளைகளின் கல்வி உதவியும் நடந்தன. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை போய்விட்டது. இப்போது அரசு ஒதுக்குவதே கணக்கு. பீடி வரியில் ஒரு பங்கை இந்தப் பெண்களுக்கென்றே மீண்டும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அம்மாவிடம் தொழிலாளர் அடையாள அட்டை உள்ளதா, வருங்கால வைப்பு நிதியில் பெயர் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

மழை நாளில் இலை ஒடித்தால் தலைசுற்றலும் வாந்தியும் வருகின்றன. ஏன்?

ஈர இலையிலிருந்து நிகோடின் தோல் வழியே உடலில் ஏறுகிறது. பனியும் மழையும் காய்ந்தபின் ஒடியுங்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள். நனைந்த உடையை உடனே மாற்றிச் சோப்புப் போட்டுக் குளியுங்கள். கருவுற்ற பெண்களையும் சிறுவர்களையும் இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. வாந்தி நிற்காவிட்டால் மருத்துவரிடம் புகையிலை ஒடித்ததைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் வெயில் மயக்கம் என்று நினைத்துவிடக்கூடும்.