மக்கள் எதிர்ப்பால் நிலக்கரி ரயில் திட்டம் எதுவும் நின்றிருக்கிறதா?

நின்றிருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெல்லிங்ஹாம் அருகே செர்ரி பாயின்ட்டில், ஆண்டுக்கு 4.8 கோடி டன் நிலக்கரியைக் கப்பலில் ஆசியாவுக்கு அனுப்ப ஒரு துறைமுக முனையம் திட்டமிட்டார்கள். நிலக்கரியை அங்கே கொண்டுவர ஒன்றரை மைல் நீள ரயில்கள். பெட்டிகளுக்கு மூடி கிடையாது. பறக்கும் தூள் தண்டவாளச் சரளையில் அடைந்தால் மழைநீர் வடியாது, பாதையே தளரும். உள்ளூர் மருத்துவர்கள் எழுப்பியது வேறு கவலை: டீசல் புகையின் நுண்துகள், மூடிய ரயில்வே கேட்டில் நிற்கும் ஆம்புலன்ஸ். சுற்றுச்சூழல் தாக்க ஆய்வின் வரம்பை வகுக்கும் கட்டத்திலேயே மக்களிடமிருந்து லட்சத்துக்கு மேல் கருத்துகள் குவிந்தன.

ஆனால் கதையை முடித்தது அப்பகுதி லம்மி பழங்குடியினருக்கு அமெரிக்க அரசுடனான 1855 ஒப்பந்தம் தந்த மீன்பிடி உரிமைதான். அதன் அடிப்படையில் இத்தகைய நீர்நிலைக் கட்டுமானங்களுக்கு அனுமதி தரும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 2016 மே மாதம் அனுமதி மறுத்தது.

நீங்கள் மனு எழுதினால் ‘மாசு’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த கேட், எந்த நேரம், எத்தனை நிமிடம் மூடியிருந்தது என்று எழுதுங்கள்.