விழுந்து புரளும் இயற்பியல் விளையாட்டுகளை ஏன் விடாமல் ஆடுகிறோம்?

ஜீப் கவிழ்வதும் பொம்மை தடுமாறுவதுமாக இருக்கும் மொபைல் கேம்களில் பெரியவர்களுக்கும் அப்படி என்ன சுவை?

இயற்பியல் விளையாட்டு என்றால், எடை, உராய்வு, ஈர்ப்பு ஆகியவற்றை அந்தந்த நொடியில் கணக்கிட்டுப் பொருட்களை அசைக்கும் விளையாட்டு. விழுவதை யாரும் முன்கூட்டியே வரைந்து வைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு தடவை விழுவதும் புதுசு.

2012இல் வந்த ஹில் கிளைம்ப் ரேசிங்கை எடுங்கள். மாட்டுத்தாவணியில் பஸ் வரும்வரை ஆட இரண்டே பட்டன் போதும். ஜீப் மேட்டிலிருந்து எகிறி அந்தரத்தில் இருக்கும்போது கேஸை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, அமுக்கினால் மூக்கு தூக்கும், பிரேக்கை அமுக்கினால் கீழே சாயும். கொஞ்சம் அதிகமானால் வண்டி மல்லாந்து, ஓட்டுபவர் தலை தரையில் மோதி, ஆட்டம் காலி. ஆனால் எரிச்சல் வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது. எதனால் கவிழ்ந்தது என்று கண்ணுக்கே தெரிகிறது. அப்புறம் இழப்பதற்கும் பெரிதாக எதுவும் இல்லை.

மதுரைப் பக்கம் கோகுலாஷ்டமிக்கு வழுக்கு மரம் ஏறுவார்களே, அதே கதைதான். எண்ணெய் பூசிய மரத்தில் கீழிருப்பவன் மேலிருப்பவன் காலைப் பற்ற, இரண்டு பேரும் சர்ரென்று இறங்குவார்கள். வழுக்குவான் என்று தெரியும், எப்படி வழுக்குவான் என்று தெரியாது. பரிசை எடுத்தவனைவிட வழுக்கியவனுக்குத்தான் விசில் அதிகம் என்பது என் கட்சி.

இயற்பியல் என்ற பெயரைப் பார்த்து, இவை நிஜ உலகை அச்சு அசலாகக் காட்டுவதாக நினைக்க வேண்டாம். ஈர்ப்பையும் உராய்வையும் ஆட்டம் ருசிக்கும்படி கூட்டிக் குறைத்துத்தான் வைக்கிறார்கள்.