3 மி.மீ. வெட்சூட் போதுமா?

ஆறு பேர், கயிறு கட்டி இறங்கிப்போக வேண்டிய, வெயில் எட்டாத குறுகிய பள்ளத்தாக்கு, நடுநடுவே நீந்த வேண்டிய குளங்கள், 3 மி.மீ. வெட்சூட் (உடலை ஒட்டிய நியோப்ரீன் ரப்பர் உடை) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்றுதான் சொல்வேன். நீந்தும்போது அவ்வளவாகக் குளிராது. ஒருவர் கயிற்றில் இறங்கும்வரை மற்றவர்கள் இடுப்பளவு தண்ணீரில் காத்து நிற்பார்கள் பாருங்கள், அங்கேதான் பல் தந்தியடிக்கும். காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடல் சூட்டை இழுத்துவிடும். விரல் விறைத்துப்போனால் காராபினரை, அதாவது கயிறு மாட்டும் உலோகக் கொக்கியைக்கூடத் திறக்க வராது. 5 மி.மீ. முழு உடை, நியோப்ரீன் காலுறை, தலைக்கவசத்துக்கு அடியில் மெல்லிய நியோப்ரீன் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், மழை. தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேரைக் கொன்ற வெள்ளம், பல மைல் தள்ளிப் பெய்த மழையால் வந்தது. மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் முன்னறிவிப்பு பாருங்கள். முதல் இறக்கத்தில் எல்லோரும் இறங்கியபின் கயிற்றைக் கீழிருந்து உருவிவிட்டால் பெரும்பாலும் திரும்பி ஏற வழியில்லை. சந்தேகம் வந்தால் அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

சரி, ஆறு பேரை நான்காகக் குறைக்க முடியுமா? காத்திருக்கும் நேரம் நன்றாகவே குறையும்.