கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்பில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாயே திறப்பதில்லை

மொத்த வகுப்பையும் பார்த்துக் கேள்வி கேட்பதை முதலில் நிறுத்துங்கள். இருவர் இருவராக உட்கார வைத்து, அவர்களுக்குள்ளேயே பேச விடுங்கள்.

எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதும் படிவம் 5 (பதினேழு வயது) மாணவர்கள், பேசச் சொன்னால் தலையைக் குனிகிறார்கள் என்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவன் சிரித்துவிடுவானோ என்ற பயமாகத்தான் இருக்கும். அதுவும் சென்னையிலிருந்து வந்த புது டீச்சரான உங்கள் முன்னால் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒன்று செய்து பாருங்கள். அதே கேள்வியைத் தமிழில் கேளுங்கள். அப்போதும் மௌனம்தான் என்றால் கோளாறு கேள்வியில். "லீவுக்கு எங்கே போனாய்?" என்றால், எங்கும் போகாத பிள்ளை என்ன சொல்லும்? "மாமாக் கடையில் ரொட்டி சானாய் நல்லதா, தோசை நல்லதா?" என்று கேளுங்கள், சண்டையே வரும் (மாமாக் கடை என்பது இங்குள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை; ரொட்டி சானாய் நம்ம பரோட்டா மாதிரி). அப்புறம் அந்தச் சண்டையை ஆங்கிலத்தில் போடச் சொல்லுங்கள். நடுவில் மலேசியப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா' வந்தால் திருத்தாதீர்கள்.

பெற்றோர் இதை வெறும் அரட்டை என்று நினைத்தால், படிவம் 5 முடிவில் வரும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மின் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கே இருவராகத்தான் போக வேண்டும், அதன் கடைசிப் பகுதி இருவரும் கலந்து பேசுவதுதான் என்று சொல்லுங்கள்.

ஆனால், அந்த ஒரு பக்கம் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். புதிதாக நான்கு வரி கொடுத்து, மற்றவர் காதில் விழாமல் வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அந்தப் பிள்ளைக்கு வாசிப்பிலிருந்து தொடங்க வேண்டும். அவசரப்பட்டு ஜோடியில் சேர்த்தால் இன்னும் ஒடுங்கிவிடும்.