சைக்கிள் செயினைக் கழுவுறதுக்கு முன்னால: ஒரு பாளையங்கோட்டைப் பட்டறைக்காரரின் கேள்வி பதில்

சைக்கிள் செயின், ஃப்ரீவீல் (மிதிக்காதப்பவும் பின்சக்கரத்தை ஓட விடுற பல்சக்கரம்), செயின் வீல் (பெடல் பக்கத்துப் பெரிய பல்சக்கரம்), கியர் செட் இதுகள்ல ஏறுற கருப்பு அழுக்கை எடுக்கிறது பத்திக் கேட்டிருந்தீங்க. வந்த கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா எழுதுதேன். பொடிப் பிள்ளைக இருக்கிற வீட்டுக்காரங்க முதல் பதிலைக் கட்டாயம் படிங்க.

பாளையங்கோட்டை, ஒரு அம்மா: அண்ணாச்சி, எம்மவன் பிளஸ் ஒன் படிக்கான். பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிள். அவங்கப்பா வண்டியில இருந்து பெட்ரோலை வாயால உறிஞ்சி எடுத்து, அடுப்படி வாசல்ல உக்காந்து செயின் கழுவுதான். ஏசினா, எல்லாப் பட்டறையிலயும் இதானம்மா பண்ணுதாங்கங்கான். சரிதானா?

சரியில்லைக்கா. பட்டறையில நடக்குங்கிறது உண்மைதான், ஆனா அது நடக்கக்கூடாத வேலை. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்லகூட தீப்பிடிக்கிற ஆவியை விடும். அந்த ஆவி காத்தைவிடக் கனம். தரையோட தரையா ஊர்ந்து போய் அடுப்படிக்குள்ள நுழையும். அடுப்பு பத்து அடி தள்ளித்தானே இருக்குன்னு நினைச்சு உக்காந்திருக்கவன் காலடியிலதான் தீ வந்து நிக்கும். செயின் வேலைக்குப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

சீமெண்ணெய் அதைவிடத் தேவலை. ஆனா அதுவும் 35, 40 டிகிரியை ஒட்டித் தீப்பிடிக்கிற ஆவி விட ஆரம்பிச்சுரும். நம்ம ஊரு அக்னி நட்சத்திர வெயில் எத்தனை டிகிரின்னு உங்களுக்கே தெரியும். அதனால காலையில வெயிலேறுறதுக்கு முன்னால, மரத்தடியிலயோ திறந்த முத்தத்துலயோ வச்சுச் செய்யச் சொல்லுங்க. பக்கத்துல பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் ஆகாது.

இன்னொண்ணு, பெட்ரோலோ சீமெண்ணெயோ வாயால உறிஞ்சவே கூடாது. மிச்ச சீமெண்ணெயை கலர் (குளிர்பானம்) பாட்டில்லயோ தண்ணி பாட்டில்லயோ ஊத்தி வைக்கவும் கூடாது. பிள்ளைக தண்ணின்னு நினைச்சு எடுத்துக் குடிச்சிரும். அப்படி நடந்துபோச்சுன்னா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத்தண்ணி குடுக்காதீங்க. வயித்துல கிடக்கிறதைவிட, வாந்தியோட மேலேறி நுரையீரலுக்குள்ள போறதுதான் உயிருக்கு ஆபத்து. பிள்ளை நல்லா இருக்க மாதிரித் தெரிஞ்சாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்க. சீமெண்ணெய்க்குன்னு மூடி உள்ள தகர டப்பா ஒண்ணு வச்சு, மேல எழுதி ஒட்டி, கைக்கு எட்டாத உயரத்துல வைங்க.

மேலப்பாளையம்: செயின் பூரா துரு. கக்கூஸ் கழுவுற ஆசிட்ல அஞ்சு நிமிசம் போட்டா பளபளன்னு ஆயிருதுன்னு கூட்டாளி சொல்லுதான். புளித்தண்ணியும் சொல்லுதாங்க.

தம்பி, பளபளன்னு ஆவும், அதுல சந்தேகம் இல்லை. ஆபத்தும் அதுலதான் இருக்கு. அந்த ஆசிட்ல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை மட்டும் தின்னுட்டு நிக்காது. அது இரும்பைத் தின்னும்போது உண்டாகிற ஹைட்ரஜன் உருக்குக்குள்ள இறங்கிரும். செயின் தகடும், தகடுகளைக் கோக்கிற பின்னும் (ஊசி) நல்லாக் கெட்டிப்படுத்தின உருக்கு. அந்த மாதிரி உருக்குக்குள்ள ஹைட்ரஜன் போனா அது நொறுங்குற குணத்துக்கு மாறிரும். பாக்கிறதுக்குப் புதுசா இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு மேலப்பாளையம் பாலத்துல எந்திரிச்சு நின்னு மிதிக்கும்போது, தகடு பட்டுன்னு விட்டுரும். முழங்காலும் மூஞ்சியும் ஹேண்டில்பார்ல போய் இடிக்கும். ஷிமானோ கம்பெனி தன்னோட செயின் கையேட்டிலேயே, துரு எடுக்கிற ஆசிட்டோ காரமோ போடாதீங்க, செயின் அறுந்து பலத்த காயம் படும்னு எழுதி வச்சிருக்கு.

புளியும் எலுமிச்சையும் ஆசிட் அளவுக்குக் கடுமை இல்லைதான். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுங்க, செயினுக்கு வேண்டாம். மேலாப்புல செம்பட்டைத் துருன்னா எண்ணெய் தொட்ட துணியால தேச்சாலே போயிரும். லிங்க் மடங்க மாட்டாம விறைச்சு நிக்குன்னா, அந்தச் செயின் ஆயுசு முடிஞ்சது. புதுசு வாங்குங்க.

வள்ளியூர்: காஸ்டிக் சோடா?

கூடவே கூடாது. அலுமினியப் பாகத்தை அரிச்சுரும், கண்ணுல தெறிச்சா பார்வை போயிரும்.

உவரி: கடக்கரையில வீடு. வாரம் ஒருதரம் சீமெண்ணெய் போட்டுத் துடைக்கேன், அப்படியும் துரு ஏறுது. ஏன்?

ஏன்னா உப்பு சீமெண்ணெயில கரையாது. தண்ணியிலதான் கரையும். நீங்க எண்ணெய் அழுக்கை எடுத்துட்டு உப்பை அங்கயே விட்டு வைக்கீங்க. போதாததுக்கு, அதுவரைக்கும் இரும்பை மூடிக்கிட்டு இருந்த எண்ணெய்ப் படலத்தையும் எடுத்துருதீங்க. உங்க ஊருக்கு முறையே வேற. முதல்ல உப்பில்லாத நல்ல தண்ணியை மெதுவா ஊத்தி, பாத்திரம் கழுவுற சோப்புத்தண்ணி தொட்ட பிரஷ்ஷால தேயுங்க. திருப்பி நல்ல தண்ணி. உடனே துணியால ஒத்தி எடுத்து, காய வச்சு, அன்னைக்கே எண்ணெய் விட்டுருங்க. ஈரத்தோட ஒரு ராத்திரி விட்டா காலையில செம்பட்டை நிக்கும். போர் தண்ணி உப்பா இருந்தா அதுல கழுவாதீங்க, குடிக்கிற தண்ணியில ரெண்டு செம்பு போதும்.

விக்கிரமசிங்கபுரம் (வி.கே.புரம்): கியர் சைக்கிள் வாங்கி பாபநாசம் பக்கம் ஓட்டுதேன். செயினும் பின்னால உள்ள பல்சக்கர அடுக்கும் கருப்பு மையா இருக்கு. ஆரம்பத்துல இருந்து முறையாச் சொல்லுங்க.

செயின்ல அழுக்கு வெளிய இருக்கிறது பெரிசில்லை. உருளைக்கும் பின்னுக்கும் நடுவுல போன மண்ணுதான் தேய்க்குது. வெளியத் துடைச்சிட்டு எண்ணெய் விட்டா, அந்த மண்ணை இன்னும் உள்ள தள்ளுதோம். அதனால கழட்டிக் கழுவுறதுதான் உருப்படியான வேலை.

செயின் லாக்கை (ரெண்டு முனையையும் சேக்கிற கண்ணி) கழட்டுங்க. 10, 11, 12 ஸ்பீடு (பின்னால அத்தனை பல்சக்கரம் உள்ள வண்டி) செயின்ல சில லாக் ஒருதரம் கழட்டினா திருப்பி மாட்டக்கூடாத வகை. உங்களுது எதுன்னு பாத்து, புது லாக் ஒண்ணு கைவசம் வச்சுக்கிட்டு ஆரம்பிங்க. வாயகலமான டப்பாவுல செயினைப் போட்டு, முங்குற அளவுக்கு சீமெண்ணெய் ஊத்தி மூடி, குலுக்கி, கொஞ்ச நேரம் ஊற விடுங்க. கருத்த எண்ணெயை வேற டப்பாவுல வடிச்சிட்டுப் புதுசு ஊத்துங்க. எண்ணெய் தெளிவா நிக்கிற வரைக்கும் இப்படித்தான்.

போதுமான்னு தெரிஞ்சுக்கிறதுக்கு நான் பாக்குற பரிசோதனை ஒண்ணு இருக்கு. செயினை ரெண்டு கையிலயும் பிடிச்சு, காதுகிட்ட கொண்டுபோய், பக்கவாட்டுல லேசா வளைச்சு வளைச்சு விடுங்க. நறநறன்னு கேட்டா உள்ள மண் இருக்கு, இன்னொரு குளி போடுங்க. சுத்தமான செயின்ல இரும்போட இரும்பு படுற மெல்லிசான கிலுக்குச் சத்தம் மட்டும்தான் வரும்.

அடுத்து வெந்நீர், சோப்பு. இதைப் பாதிப் பேரு விட்டுருதாங்க. உள்ள தங்கின சீமெண்ணெய், நீங்க புதுசா விடுற எண்ணெயை நீர்க்க வச்சு வெளிய ஓட விட்டுரும். சோப்புப் போட்டு அலசி, துடைச்சு, காத்தாடத் தொங்க விட்டு நல்லாக் காய விடுங்க. மாட்டின பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. பெடலைப் பின்னால சுத்தி உள்ள இறங்க விட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு வெளியில உள்ளதைத் துணியால முழுசாத் துடைச்சிருங்க. எண்ணெய் உள்ளதான் இருக்கணும்.

பல்சக்கர அடுக்குக்கு, பின்சக்கரத்தைக் கழட்டி, பல் பக்கம் கீழ பாக்கிற மாதிரி சாய்ச்சுப் பிடிங்க. அப்பதான் வடியுறது ஹப்புக்குள்ள (சக்கரத்து நடுக்குடம்) போகாது. பிரஷ்ஷை சீமெண்ணெயில தொட்டு உதறிட்டுத் தேயுங்க. பழைய பனியனை நாடாவாக் கிழிச்சு ரெண்டு பல்லுக்கு நடுவுல விட்டு இழுத்தா மிச்சம் வந்துரும். ஹப், பெடல் அச்சு இருக்கிற இடத்துல சீமெண்ணெய் பீச்சாதீங்க. அங்க உள்ள கிரீஸ் கரைஞ்சு, பால்ரஸ் உலர்ந்து ஓடும்.

கைக்கு நீல நைட்ரைல் உறை. ரப்பர் உறை சீமெண்ணெயில உப்பிக் கிழிஞ்சிரும்.

அம்பாசமுத்திரம்: கழட்டுறதுக்கு நேரமில்லை. சக்கரத்தைச் சுத்தி விட்டு, செயின்ல துணியைப் பிடிச்சா போதுமா?

துடைக்கலாம், ஆனா சக்கரத்தை வேகமாச் சுத்தி விட்டு ஒருநாளும் பண்ணாதீங்க. துணி பல்லுல மாட்டினா விரலையும் சேத்து இழுத்துட்டுப் போவும், விரல் நுனி துண்டாயிரும். கீழ ஓடுற செயினோட நடுப்பாகத்துல துணியைப் பிடிச்சு, ஒரு கையால பெடலைப் பின்னால மெதுவாத் திருப்புங்க. துணியை விரல்ல சுத்திக்கிடாதீங்க. பக்கத்துல நிக்கிற பிள்ளையைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க.

சேரன்மகாதேவி: வாட்டர் சர்வீஸ்ல குடுத்து பிரஷர்ல அடிச்சா?

வேண்டாம். அழுக்கும் தண்ணியும் சேந்து பேரிங்குக்குள்ள போயிரும்.

பெருமாள்புரம்: செயினுக்கு ஸ்பிரே அடிச்சதுல இருந்து டிஸ்க் பிரேக் கத்துது, பிடிக்கவும் மாட்டேங்கு.

டிஸ்க் தட்டுல எண்ணெய் பட்டுட்டு. பிரேக் சரியாகுற வரைக்கும் அந்த வண்டியை ஓட்டாதீங்க. தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தத் துணியால துடைங்க. பிரேக் பேட்ல (தட்டைப் பிடிக்கிற கட்டை) எண்ணெய் ஊறியிருந்தா பெரும்பாலும் மாத்தத்தான் வேணும். இனிமே ஸ்பிரேயைத் துணியில அடிச்சு, துணியால செயினைத் தொடுங்க.

முக்கூடல், பால்காரர்: அந்தக் காலத்துக் கனத்த சைக்கிள். பெடல் சில நேரம் சும்மா சுத்துது, பிடிக்க மாட்டேங்கு.

ஐயா, ஃப்ரீவீல் உள்ள இருக்கிற சின்னக் கொக்கி, பழைய கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு மேல எந்திரிக்கல. சக்கரத்தைக் கழட்டிப் படுக்கப் போட்டு, ஃப்ரீவீல் இடுக்குல சீமெண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டுச் சுத்துங்க. கருப்பு கீழ இறங்கும். டிக் டிக்னு சத்தம் தெளிவாக் கேட்ட பிறகு, நல்லா வடிய விட்டு மெல்லிசான மிஷின் எண்ணெய் விடுங்க, கிரீஸ் வைக்காதீங்க. அப்படியும் வழுக்கினா ஃப்ரீவீலை மாத்திருங்க. பால் கேனோட ஏறி மிதிக்கும்போது வழுக்கினா ஆளையே சாய்ச்சிரும்.

திசையன்விளை: வீட்டுல நல்லெண்ணெய் இருக்கு, பைக்ல இருந்து இறக்கின பழைய ஆயிலும் இருக்கு. எது விட?

ரெண்டும் வேண்டாம். நல்லெண்ணெய் நாள்பட்டா பிசினாயிரும். பழைய ஆயில்ல இரும்புத்தூளும் கரியும் கிடக்கு, தோலுக்கும் கேடு. உங்க பக்கத்துத் தேரி மண்ணு மாவு மாதிரி, காத்துக் காலத்துல எண்ணெய்ப் பசை எங்க இருக்கோ அங்க அப்பிக்கும். நல்ல செயின் எண்ணெய் கொஞ்சமா விட்டு, வெளிய வறட்டுத்துணி போட்டுத் துடைங்க.

தச்சநல்லூர்: கை கருப்பு போவதுக்கு சீமெண்ணெயிலயே கழுவுதேன்.

தோல் வறண்டு வெடிக்கும், அரிப்பு வரும். தேங்காய் எண்ணெயை ஈரமில்லாத கையில தேச்சு, அழுக்கு இளகின பிறகு அரப்போ கடலைமாவோ போட்டு உரசிக் கழுவுங்க.

குறுக்குத்துறை: கழுவின சீமெண்ணெயை எங்க ஊத்த?

வாய்க்கால்லயும் சாக்கடையிலயும் ஊத்தாதீங்க. எல்லாம் தாமிரபரணிக்குத்தான் போவுது. நம்ம திருநெல்வேலியும் தூத்துக்குடியும் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கு. மூடின டப்பாவுல ரெண்டு நாள் அசையாம வச்சா மண்ணு அடியில தங்கிரும். மேல தெளிஞ்சதை வடிச்சு, அடுத்த தடவை முதல் குளிக்கு எடுத்துக்கிடலாம். அடியில உள்ள கசடை டப்பாவுல சேத்து வச்சு, பழைய ஆயில் பீப்பாய் வச்சிருக்கிற மோட்டார் பட்டறையில குடுங்க. எண்ணெய்த் துணியைக் குவிச்சுப் போடாதீங்க. வெளியில விரிச்சுக் காய விட்டு எடுங்க.

களக்காடு: எல்லாம் சுத்தமாக் கழுவியாச்சு, அப்படியும் செயின் பல்லு மேல ஏறிக் குதிக்கு.

செயின் நீண்டிருக்கும். ஸ்கேலை வச்சு, ஒரு பின்னோட நடுவுல இருந்து 24 கண்ணி எண்ணி அளந்து பாருங்க. சரியா 12 அங்குலம் இருந்தா நல்ல செயின். கியர் வண்டியில 1/16 அங்குலம் கூடிட்டுன்னா மாத்தணும். கியர் இல்லாத ஒத்தைப் பல்சக்கர வண்டி 1/8 வரைக்கும் தாங்கும். புதுச் செயின் மாட்டியும் குதிச்சுதுன்னா பல்சக்கரமும் தேஞ்சுட்டுன்னு அர்த்தம், ரெண்டையும் சேத்து மாத்துங்க.