சூடு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்

வணக்கம் மேடம்,

ஊர்ப் பெயர் வேண்டாம், வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற வழியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். காலையில் ஏழரைக்கு கம்பெனி பஸ் வந்துவிடும், வீடு திரும்ப ராத்திரி ஏழு ஆகும். ஒரே மகள், பதினொன்றாவது படிக்கிறாள், வயது பதினாறு.

எங்கள் தெருவிலேயே, மகளோடு ஒண்ணாவதிலிருந்து படித்த பெண் ஒருத்தி. போன கோடையில் அவளுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கிறது. நம்ம வேலூர் வெயிலில் எதற்கெடுத்தாலும் சூடு என்றுதானே சொல்வோம், அவளுடைய ஆயாவும் அப்படி நினைத்துத்தான் தினமும் வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயத்தைத் தயிரில் போட்டுக் கொடுத்திருக்கிறார், நானே ஒருநாள் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகு இடுப்பில் பிடிக்கிறது என்று பேன்ட் நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டாளாம், அதையும் யாரும் கவனிக்கவில்லை. ஆகஸ்டில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஐந்து மாதம் என்கிறார்கள். மெக்கானிக் ஷெட்டில் வேலை செய்கிற பத்தொன்பது வயசுப் பையன், "ஒரு தடவையில ஒண்ணும் ஆகாது" என்று சொன்னானாம். அப்புறம் போலீஸ், கேஸ், தெரு முழுக்க வேடிக்கை. என் மகளை அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்று, "ஏம்மா, பீரியட்ஸ் தள்ளிப்போனா சூடா, இல்ல வேறயான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். ஈரக் கையோடு அறைந்துவிட்டேன். கன்னத்தில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது மேடம், அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. அன்றிலிருந்து சோறு, துட்டு தவிர என்னிடம் வேறு எதுவும் பேசுவதில்லை.

வீட்டுக்காரர் படித்தது போதும், என் தம்பிக்கே கட்டிவைத்துவிடலாம் என்கிறார். தாய்மாமன்தானே, பயமில்லை என்கிறார். தம்பிக்கு இருபத்தெட்டு. பத்தாவதில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது டீச்சர் "வீட்டில் படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிட்டாராம். எனக்கும் பதினேழில் கல்யாணம், ஒன்றும் தெரியாமல்தான் வந்தேன். நான் என்னவென்று சொல்வது? நாமே சொல்லிக்கொடுத்தால் தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா?

பெயர் வெளியிட விரும்பாத தாய்

*

வணக்கம்மா,

கல்யாணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம். உங்கள் தெருவில் அந்தப் பெண்ணுக்கு நடந்தது நம் பெண்ணுக்கு நடந்துவிடக்கூடாது என்றுதானே உங்கள் வீட்டுக்காரர் பயப்படுகிறார்? பதினாறில் கட்டிவைத்தால் பதினேழில் அதேதான் நடக்கும், கழுத்தில் தாலி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கர்ப்பப்பைக்குத் தாலி தெரியாது. அந்த வயதில் கர்ப்பம் என்றால் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை போகிற ஆபத்தும், குறைமாதத்தில், எடை குறைவாகக் குழந்தை பிறக்கிற ஆபத்தும் அதிகம். அது கல்யாணம் ஆன பெண்ணுக்கும் அப்படித்தான். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஆறு பேர் தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கல்யாணம் ஆன பெண்கள்தான், அதனால்தான் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை.

சட்டத்தையும் அவரிடம் சொல்லுங்கள். பதினெட்டுக்கு முன்னால் கல்யாணம் செய்துவைத்தால் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. மனைவியாகவே இருந்தாலும் பதினெட்டுக்குக் கீழே என்றால் அவளோடு உடலுறவு வன்புணர்வுதான் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மெக்கானிக் பையன் மேல் இருக்கிற போக்சோ கேஸ், அதாவது சிறுவர் மீதான பாலியல் குற்றச் சட்டத்தில் போட்ட கேஸ், நாளைக்கு உங்கள் தம்பி மேலும் வரும். தாய்மாமன் என்று எந்தச் சலுகையும் கிடையாது. வீட்டில் பேச்சு முற்றினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். உங்கள் மகளே கூப்பிடலாம், அந்த எண்ணை அவளுக்கும் சொல்லி வையுங்கள்.

இப்போது அந்த அறை. நான் உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, பயத்தில் கை நீண்டுவிட்டது, சரி. ஆனால் அவள் கேட்டதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தெருவே சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது யாருக்கும் தோன்றாத கேள்வி அது. அந்தப் பெண்ணின் வீட்டில் ஒருவராவது ஜூன் மாதத்திலேயே இதைக் கேட்டிருந்தால் ஐந்து மாதம் வரை போயிருக்காது. அவளுக்கே உள்ளுக்குள் சந்தேகம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், சொல்ல ஆள் இல்லாமல் வெந்தயத்தை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். (நானும் காட்பாடியில் வளர்ந்தவள்தான், எனக்கும் எல்லாவற்றுக்கும் வெந்தயம்தான்.)

அதனால் முதலில் உங்கள் மகளிடம், "அன்னைக்கு அடிச்சது தப்பு, நீ கேட்டது சரியான கேள்வி" என்று சொல்லுங்கள். பதிலைச் சொல்வது அதற்கப்புறம். எதிரெதிரே உட்காரவைத்து ஆரம்பிக்காதீர்கள், இரண்டு பேருக்கும் நாக்கு எழாது. துணி மடிக்கும்போதோ கீரை ஆயும்போதோ, கண்ணைப் பார்க்காமல் பேசுகிற நேரம் பாருங்கள்.

என்ன சொல்வது என்று கேட்டீர்கள். ஆண் பெண் உடலுறவில் விந்து உள்ளே போனால் கரு உண்டாகலாம், முதல் தடவையிலேயே உண்டாகலாம். தள்ளிப்போனால் மனக்கவலை, ரத்தசோகை, நீர்க்கட்டி, எதுவாகவும் இருக்கலாம். உடலுறவு நடந்திருந்தால் மட்டும் யூகித்துக்கொண்டு இருக்கவே கூடாது, மெடிக்கலில் கிடைக்கிற சிறுநீர்ப் பரிசோதனை அட்டை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். பீரியட்ஸ் முடிந்த கையோடு என்றால் ஆகாது என்று என்னிடம் வருகிற எத்தனையோ பிள்ளைகள் நம்புகிறார்கள். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், இந்த வயதில் தேதியும் ஒழுங்காக வராது, அதனால் பத்திரமான நாள் என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. குளித்தாலும் போகாது, பப்பாளி தின்றாலும் போகாது. ஆணுறை இருக்கிறது, தவறிப்போனால் 72 மணி நேரத்துக்குள் போடுகிற அவசர மாத்திரை இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இதற்குள்ளேயே உங்களுக்கு வியர்த்திருக்கும், தெரியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: வேண்டாம் என்றால் வேண்டாம்தான், விருப்பம் இருந்தாலும் பதினெட்டு வரைக்கும் சட்டம் அதை ஏற்காது, யார் வற்புறுத்தினாலும், அது உறவுக்காரராகவே இருந்தாலும், முதலில் என்னிடம் வந்து சொல் என்று. கடைசி வார்த்தையை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள்.

சொல்லிக்கொடுத்தால் தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா என்பதற்கு, யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டி பல நாட்டு ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுத்ததால் பிள்ளைகள் சீக்கிரம் ஆரம்பிப்பதில்லை என்றுதான் சொல்கிறது. அது கிடக்கட்டும், நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்களுக்கு யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு மெக்கானிக் பையன் சொல்லிக்கொடுத்தான், ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது என்று. டீச்சர் தாண்டிப்போன பாடம் உங்கள் வீட்டிலேயே புத்தகமாக இருக்கும், எடுத்து அவளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதினேழில் உங்களுக்கு யாரும் சொல்லாதது அதில் கொஞ்சம் இருக்கும்.

தெருவில் வேறு எந்தப் பெண்ணுக்காவது இப்படி ஆனால் கைவைத்தியம், கடை மாத்திரை என்று நாளைக் கடத்தவேண்டாம். அளவு தெரியாமல் போட்டுக்கொண்டு ரத்தப்போக்கு நிற்காமல் வந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பதினெட்டு ஆகாதவர்களுக்கு 24 வாரம் வரை கருவைக் கலைக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, பெண்ணின் சம்மதமும் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுத்தாகவேண்டும்தான், ஆனால் பெண்ணும் வீட்டாரும் கேட்டுக்கொண்டால் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இது தெரியாததால்தான் நிறையப் பேர் பயந்து ஒளிந்துகொள்கிறார்கள்.

அந்தத் தோழி வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொன்னீர்களே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒன்றாவதிலிருந்து கூடப் படித்தவள், இப்போது தெருவில் நிமிர்ந்து நடக்கவே பயந்துகொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவுதானே, பத்து சாத்துக்குடி வாங்கிக்கொண்டு மகளோடு நீங்களும் போய் அவளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.